மூன்றாம் பெட்டியின் இரண்டாம் ஜன்னல்

ஒன்பது பெட்டிகள் போன பிறகு பத்தாவதாக ஒன்று வந்தது.

ஜெஸி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு டிவியை உற்றுப் பார்த்தாள். அந்த ரயிலுக்கு ஒன்பது பெட்டிகள்தான். ஒன்பதாவதின் வாலில் ஒரு சிவப்பு விளக்கு, அதற்குப் பின்னால் வெறும் பனி, அத்தோடு படம் முடிந்துவிடும். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவையாவது பார்த்து, எந்தப் பெட்டி எத்தனையாவது விநாடியில் வரும் என்பது அவளுக்கு ஞாயிறு பள்ளிக்கூட வசனம் மாதிரி மனப்பாடம். இன்றைக்குச் சிவப்பு விளக்கு பத்தாவது பெட்டியின் வாலில் இருந்தது. மற்ற பெட்டிகளைப் போலவே பச்சை நிறம். ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம் இல்லை.

கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி மறுபடியும் எண்ணினாள். பத்து.

தூக்கக் கலக்கம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். அதற்குக் காரணமும் இருந்தது. தவக்காலம் முழுக்கச் சபைகளில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழிந்ததும் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கல்யாண ஆசை வந்துவிடும். கணவன் ரெத்தினதாஸ் காமிராவைத் தூக்கிக்கொண்டு சபை சபையாக ஓடுவான். அவன் எடுத்து வருவதை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கல்யாணக் கேசட்டாக்குவது ஜெஸியின் வேலை. நான்கு நாளாக அவள் சரியாகக் கண் மூடவில்லை.

வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலில் பழைய போர்வையை ஆணியடித்திருந்தார்கள். ஏப்ரல் மாதத்து வெயில் ஓட்டைச் சுட்டு, ஓடு அறையைச் சுட்டு, இரண்டு வீடியோ டெக்குகளும் படங்களைக் கலக்கும் மிக்ஸரும் தங்கள் பங்குக்குச் சூடாகி, ரப்பரும் தூசியும் கலந்த ஒரு கருகல் வாசம் அங்கே எப்போதும் தங்கியிருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே கிண்டிக் கிண்டிப் பரிமாறும். அதற்குள் உட்கார்ந்துகொண்டுதான் அவள் நாள் முழுக்கப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் கேசட்டை அனுப்பியது ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் அவளுடைய சித்தி மகள் புஷ்பபாய். நான்கைந்து நிமிஷக் குறும்படங்கள், மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் ஒரே சங்கதி: குளிர்காலம், பனி, ரயில். பேச்சில்லை, கதையில்லை, சண்டையில்லை. ரயில் வரும், போகும். "இது என்ன கூத்து, பிளாட்பாரத்துல போய் நிண்ணா ஓசிக்குப் பாக்கலாமே" என்று ரெத்தினதாஸ் முதலில் சிரித்தான். பிறகு அவனே மூன்று தடவை பார்த்தான்.

பாறசாலையில் பனி என்றால் மீன் லாரியிலிருந்து உதிரும் ஐஸ்தான். ஆனாலும் கேசட் வாங்க வேர்த்து விறுவிறுத்து வருகிறவர்கள் இந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. தனக்குத் தெரியும் என்று ஜெஸி நினைத்திருந்தாள். ஜன்னல்களின் மஞ்சள் வெளிச்சம்தான். வெளியே மரம் மட்டை எல்லாம் வெளுத்துச் செத்துக் கிடக்கும்போது, அந்தக் கண்ணாடிக்கு உள்ளே யாரோ கதகதப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே போகிறார்கள் என்று தெரியாததால், நல்ல இடத்துக்குத்தான் என்று நம்பிக்கொள்ளலாம்.

அந்த நம்பிக்கையிலிருந்துதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணக் கேசட்டின் தொடக்கத்தில், இறந்துபோன அப்பாவோ அம்மாவோ மேகத்துக்குள்ளிருந்து மணமக்களை ஆசீர்வதிப்பது மாதிரி போட்டோவை வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஜெஸி மேகத்தை எடுத்துவிட்டு ரயிலை வைத்தாள். பதினொன்றில் ஒரு படம், பக்கத்துத் தண்டவாளத்தில் கூடவே ஓடும் இன்னொரு ரயிலிலிருந்து எடுத்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக மெல்ல முந்திப் போகும். மூன்றாம் பெட்டி வரும்போது இரண்டு ரயிலும் ஒரே வேகமாகி, அதன் இரண்டாம் ஜன்னல் எட்டு விநாடி அசையாமல் நிற்கும். அந்த எட்டு விநாடிக்குள் இறந்தவரின் முகத்தைக் கண்ணாடியில் பொருத்திவிடுவாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பனிக்குள் போவார்.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பொழியூரில் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் தாய், இளைய மகன் கல்யாணக் கேசட்டில் அவனை அந்த ஜன்னலில் பார்த்துவிட்டு டிவியின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாளாம். "இனி அவன் நனையாண்டாம்" என்றாளாம். அதைக் கேட்ட அன்று ஜெஸி சந்தோஷத்தில் அழுதாள்.

அந்தப் படத்தில்தான் இப்போது பெட்டி ஒன்று கூடியிருந்தது.

மூன்றாவது முறை ஓட்டும்போது அவள் பெட்டிகளை எண்ணவில்லை. ஜன்னல்களைப் பார்த்தாள். முதல் பெட்டியின் ஒரு ஜன்னலில் ஏதோ நிழல் தட்டியது. படத்தை நிறுத்தினாள். நடுங்கும் கோடுகளுக்கு நடுவே ஒரு மீசை தெரிந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. பொழியூர்க்காரன்.

அடுத்த ஜன்னலில் அமரவிளை டீச்சரின் அம்மா. அதற்கடுத்து, போன தை மாதம் கேசட்டில் வைத்த தனுவச்சபுரம் டிரைவர். ஒவ்வொருவரையும் அவள் தன் கையால் வெட்டி, ஓரம் தேய்த்து, நிறம் பார்த்து வைத்தவள். ஆனால் வைத்ததெல்லாம் வாடிக்கையாளர்களின் கேசட்டில். இந்தக் கேசட்டில் எதையும் பதிய முடியாது. தெரியாமல் அழித்துவிடக் கூடாதென்று முதுகிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டை வந்த அன்றே ரெத்தினதாஸ் உடைத்தெடுத்துவிட்டான். கேசட்டை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். பள்ளம் பள்ளமாகவேதான் இருந்தது.

மறுபடி உள்ளே தள்ளினாள். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. போட்டோவில் இருந்த சிரிப்பு யாரிடமும் இல்லை. தோளைக் குறுக்கி, கைகளைக் கக்கத்தில் இடுக்கி, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் வெளிச்சம் இருந்தது. கதகதப்பு இல்லை. கண்ணாடியின் உள்பக்கத்திலும் பனி படிந்திருந்தது.

முன்னறையில் போன் அடித்தது.

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து சத்தியபாய். போன வாரம் மகளுக்குக் கல்யாணம் முடித்த விதவை.

"ஜெஸி மக்கா, உன்னக் குத்தம் சொல்ல விளிச்சேன்னு நெனைக்காத. நீ ரயில்ல வச்ச படம் எனக்க மாப்பிளைக்க படம் இல்ல."

ஜெஸிக்குப் புரியவில்லை. சத்தியபாயின் கணவர் கனகதாஸ் இறந்து மூன்று வருஷம். அவர் தனியாக இருக்கிற நல்ல போட்டோ இல்லையென்று, இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் ஒன்றைத்தான் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"எடப்பக்கம் நிக்குறதுதானே அவிய?" என்றாள் ஜெஸி.

"வலப்பக்கமாக்கும். எடப்பக்கம் நிக்குறது அவருக்க அண்ணன், செல்லசாமி அத்தான். ரெண்டுபேருக்கும் ஒரே சாயலில்லியா. ஞாயிற்றுக்கிழம எல்லாரும் இருந்து படம் பாத்தோம். அத்தானும் கூட இருந்து பாத்தாரு. 'நான் இப்பமே வண்டியேறியாச்சு டோய்'ன்னு சொல்லி அவருதான் கூடுதல் சிரிச்சாரு." சத்தியபாய் மூச்சு வாங்கினாள். "அண்ணு ராத்திரி தொடங்கின நடுக்கம் மக்கா. காய்ச்சல் இல்ல. ஆசுபத்திரியில ஒண்ணும் கண்டுபிடிக்க ஒக்கல்ல. இந்த வெயிலுல நாலு போர்வ போட்டும் தணுக்குது தணுக்குதுன்னு கெடந்தாரு. இண்ணு மத்தியானம் உச்சைக்கு மரிச்சு போனாரு."

ஜெஸி பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சன்னல அடைங்க, சன்னல அடைங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு. எல்லாச் சன்னலும் அடச்சுத்தான் கெடந்துது. அந்தப் படத்த மாத்திக் குடு மக்கா. பிள்ள பாத்தா பேடிக்கும்."

போனை வைத்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தாள். பத்தாவது பெட்டியில் இப்போது வெளிச்சம் வந்திருந்தது. முதல் ஜன்னலில் ஒருவர் மட்டும். இடப்பக்கம் நின்றவர். அவர் மட்டும் இன்னும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தேடுகிறவர் மாதிரி.

தன்னால்தான். ஆள் மாறி வைத்தது அவள். உயிரோடு இருந்தவரை அவள்தான் ஏற்றிவிட்டாள்.

பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு வேலைக்கு முன்பும் அவள் ஒரு ட்ரயல் பார்ப்பாள். முகம் ஜன்னல் அளவுக்குச் சரியாக உட்காருகிறதா, கண்ணாடியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று தெரிய வேண்டும். வாடிக்கையாளர்களின் போட்டோவில் விரல் பட்டு அழுக்காகக் கூடாதென்று, அதற்கு வீட்டில் கிடந்த ஒரு போட்டோவைத்தான் காமிரா ஸ்டாண்டின் கீழே வைப்பாள். பதியமாட்டாள். பார்ப்பாள், சரி செய்வாள், எடுத்துவிடுவாள். கல்ஃப் போவதற்கென்று பாஸ்போர்ட்டுக்கு எடுத்து, போகாமலே மிஞ்சிப்போன படம்.

ரெத்தினதாஸ்.

இரண்டு வருஷம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும். மற்றவர்களை ஒரு தடவைதான் ஏற்றினாள். அவனை எத்தனை தடவை?

மூன்றாம் பெட்டி வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். முதல் ஜன்னலில் ஆள். மூன்றாவதில் ஆள். நான்காவதில் ஆள். இரண்டாம் ஜன்னல் காலி. சுத்தமாகத் துடைத்த கண்ணாடி, மஞ்சள் வெளிச்சம், யாரும் உட்காராத ஓர் இருக்கை. அந்தப் பெட்டியிலேயே அது ஒன்றுதான் காலியாக இருந்தது.

ரெத்தினதாஸ் அன்று நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். வேலை முடிந்தால் சாயங்காலப் பாசஞ்சரில் ஏறிப் பாறசாலையில் இறங்குவான். எப்போதும் அப்படித்தான். காமிராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வருவது அவனுக்குப் பிடிக்கும்.

புக்கிங் சீட்டைத் தேடி எடுத்துப் பெண் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். இரண்டு தடவை தப்பான எண்ணில் விரல் போனது. மூன்றாவது தடவை ஒரு பெண் எடுத்து, "ஆரா? வீடியோக்காரனோ? நில்லு, விளிக்காம்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிடப் போனாள். பாத்திரச் சத்தம், குழந்தைகளின் சத்தம், ஒலிபெருக்கியில் கீர்த்தனை. பிறகு அவன் குரல்.

"என்னட்டி? பந்தி எடுத்திட்டிருக்கேன்."

"கேட்டியளா, இண்ணைக்கி ரயில்ல வராதீங்க. பஸ்ஸுல வாங்க."

"லைட்டும் காமிராவும் தூக்கிட்டு பஸ்ஸுல எப்பிடி வரதுக்கு? உனக்கென்ன கிறுக்கா?"

"எனக்குப் பேடியா இருக்கு. ஒண்ணும் கேக்காதீங்க. ரயில்ல ஏறாதீங்க. நமக்க ஜிஜாமேல ஆணையா ஏறாதீங்க." அம்மா வீட்டில் விடுமுறைக்கு விட்டிருக்கும் மகளின் பெயரைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"செரி, அழாத. பஸ்ஸுலயே வாறேன்" என்றான் கடைசியில். "கஷாயம் ஏதாவது போட்டு வை. உச்சையிலேருந்து எனக்கு ஒரே தணுப்பு. இங்க எல்லாரும் வேத்து ஒழுகுறாங்க, எனக்கு மட்டும் பல்லு கிட்டுது."

லைன் அறுந்தது.

அவள் மறுபடி சுழற்றினாள். எங்கேஜ்டு. மறுபடியும். எங்கேஜ்டு.

பின்னறைக்குப் போய் டிவியை அணைத்தாள். கேசட்டை வெளியே எடுத்தாள். கையில் பட்டபோது அது குளிர்ந்திருந்தது. மூன்று மணி நேரம் சூடான டெக்குக்குள் கிடந்த கேசட். அடுப்பில் போட்டுவிடலாம் என்று அடுக்களைவரை போனாள். நாடாவை உருவி ஒரு குச்சி உரசினால் போதும். ஆனால் அதற்குள் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சரின் அம்மா இருக்கிறாள், இனி நனையவேண்டாத பொழியூர்க்காரன் இருக்கிறான். எரித்தால் அவர்கள் என்ன ஆவார்கள்? தெரியவில்லை. அவளால் முடியவில்லை. கேசட்டைத் துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கஷாயம் கொதித்தது. சுக்கும் மிளகும் வீடெல்லாம் மணத்தது. முன்கதவைத் தாழிட்டுவிட்டு, பஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறரைக்குப் பாசஞ்சர் வந்தது. லெவல் கிராசிங்கைத் தாண்டும்போது வழக்கம்போல ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. வழக்கமாக நிற்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஸ்டேஷனில் நின்றது என்று அவளுக்குப் பட்டது. பிறகு அதுவும் போய்விட்டது. அவன் அதில் இல்லை. பஸ்ஸில் வருகிறான். பஸ்ஸில்தான் வருகிறேன் என்று சொன்னான். கர்த்தாவே, எந்த பஸ்ஸாவது சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஏழு மணிக்கு லோட்ஷெடிங். தினமும் அரைமணி நேரம் போகிற கரண்டுதான். மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்து வீட்டு டிவி பாதிப் பேச்சில் நின்றது. ஊர் மொத்தமும் ஒரே மூச்சில் இருண்டது. மெழுகுவத்தியைத் தேடி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

பின்னறைக் கதவின் அடியில் வெளிச்சம்.

வெள்ளை வெளிச்சம். தரையில் கோடாக நீண்டு கிடந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து டெக்கின் மோட்டார் உறுமுவது கேட்டது. கரண்டு இல்லை. அலமாரி பூட்டியிருக்கிறது. முந்தானையைத் தடவினாள். சாவி இருந்தது.

கதவைத் தள்ளினாள். டிவியில் பனி. டெக்கின் வாய் திறந்து, வெறுமையாக இருந்தது. ரயில் ஓடியது. பெட்டிகள் முந்திப் போகவில்லை. மூன்றாம் பெட்டியின் ஜன்னல்கள்தான் மறுபடி மறுபடி வந்தன, மெதுவாக, இன்னும் மெதுவாக. அறையின் கருகல் வாசம் போயிருந்தது. வாசமே இல்லாத ஒரு குளிர். அவள் விட்ட மூச்சு வாயின் முன்னால் வெள்ளையாக நின்றது.

ரயில் நிற்கப்போகிறது என்று தெரிந்தது. இரண்டு வருஷத்தில் ஒருநாளும் நிற்காத ரயில்.

முன்கதவு தட்டப்பட்டது.

"ஜெஸி."

அவன்தான். அவன் குரல்தான். இருட்டில் ஸ்டூலில் இடித்துக்கொண்டு ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். வாசலில் ரெத்தினதாஸ் நின்றிருந்தான். முகம் தெரியவில்லை. உயரம் தெரிந்தது, தோளின் ஒருபக்கச் சரிவு தெரிந்தது. அது போதும்.

"வந்துட்டியளா" என்றாள். "பஸ்ஸு கெடச்சுதா?"

அவன் அவளைக் கடந்து உள்ளே வந்தான். அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள், அந்த ரயில் உள்ளே வந்துவிடும் என்பதுபோல இரண்டு தாழையும் போட்டாள். வந்துவிட்டான். ஏறவில்லை. வீட்டுக்குள் நிற்கிறான். பயமெல்லாம் ஒரே நொடியில் கண்ணீராக இறங்கியது. திரும்பி, இருட்டில் நின்றவனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவன் சட்டை விறைத்திருந்தது. உடம்பு விறைத்திருந்தது.

"காமிரா எங்க?" என்றாள் அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டே.

"அங்கயே இருக்கு."

அவன் கைகள் அவள் முதுகைச் சுற்றி வந்தன. அவள் முகத்தை நிமிர்த்தி அவன் தோளில் தாடையை வைத்தாள். எதிரே பின்னறைக் கதவு திறந்து கிடந்தது.

டிவியில் ரயில் நின்றிருந்தது. மூன்றாம் பெட்டியின் இரண்டாம் ஜன்னல் திரை முழுக்க நிறைந்திருந்தது. காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டை. தோளில் காமிராப் பையின் வார். ரெத்தினதாஸ் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியின் உள்பக்கத்துப் பனியை முழங்கையால் துடைத்தான், அவளை நேராகப் பார்த்தான், மறுபடி அடித்தான். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அவன் கூப்பிடுவது தன் பெயரை என்று அவளுக்குத் தெரிந்தது. பதினோரு வருஷமாகப் பார்க்கிற வாய்.

அவள் விலகப் பார்த்தாள். முதுகைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

"அங்க பாக்காத மக்கா" என்றது காதருகே ரெத்தினதாஸின் குரல். கழுத்தில் பட்ட மூச்சில் சூடில்லை.

ஜன்னலில் இருந்தவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். வேண்டாம், வேண்டாம். விரலால் அவள் பக்கம் சுட்டினான். அவளையல்ல, அவளைப் பிடித்திருப்பதை. நகம் பெயர்ந்த விரல்கள் கண்ணாடியில் சிவப்பாகக் கோடு இழுத்தன.

பிறகு ஜன்னல் மெல்ல நகரத் தொடங்கியது.